சூரியனின் உச்சம் தாண்டியாச்சு... பூந்தமல்லி மொட்டை மாடி ஹாம் ரேடியோவுக்கு இனி என்ன ஆகும்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலே சென்னைக்காரர்களுக்கு ஒரு பயம் வந்துவிடும். செல்போன் டவர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதை அனுபவித்தோம். 2016-ல் வர்தா, 2023-ல் மிக்ஜாம் என்று ஒவ்வொரு முறையும் சிக்னல் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகள் ஏராளம். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கமும் இதே கதைதான்.

அந்த நேரத்தில் வேலை செய்யக்கூடிய பழைய தொழில்நுட்பம் ஒன்று உண்டு: ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி. டவர் வேண்டாம், ஃபைபர் கேபிள் வேண்டாம். ஒரு செட், ஒரு கார் பேட்டரி, மொட்டை மாடியில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் பூந்தமல்லியில் இருந்து மதுரையோடும் பேசலாம், மாஸ்கோவோடும் பேசலாம்.

ஆனால் இதற்கும் ஒரு 'டவர்' இருக்கிறது. அது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சூரியன். அது இப்போது ஒரு முக்கியமான கட்டத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

என்ன நடந்தது?

சூரியனின் சுறுசுறுப்பு சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அதன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளை எண்ணி இதைக் கணக்கிடுகிறார்கள். இப்போது நடப்பது 25-வது சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கியது. இது சுமாரான சுழற்சியாகத்தான் இருக்கும், கரும்புள்ளி எண் 115-ஐ ஒட்டித்தான் உச்சம் தொடும், அதுவும் 2025 ஜூலை வாக்கில்தான் என்று 2019-ல் அமெரிக்காவின் நாசாவும் நோவாவும் அமைத்த நிபுணர் குழு கணித்தது.

சூரியன் அதைக் கேட்கவில்லை. உச்சம் முன்கூட்டியே வந்தது, அளவும் 160-ஐத் தொட்டது. சூரியன் உச்சக் கட்டத்தை எட்டிவிட்டது என்று 2024 அக்டோபர் 15 அன்று நாசாவும் நோவாவும் அறிவித்தன. அதே 2024-ல்தான் மே 10, 11 தேதிகளில் ஜி5 அளவிலான புவிக்காந்தப் புயல் வந்தது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த அளவு புயல் அதுதான் முதல்முறை. லடாக்கின் ஹான்லேயில் உள்ள இந்திய வானியல் ஆய்வகத்தின் கேமராக்களில் வானம் சிவந்த படங்கள் பதிவானதை அப்போது எல்லோரும் ஷேர் செய்தோம்.

இனி இறங்குமுகம். 2030-ஐ ஒட்டி சூரியன் மறுபடி அடங்கிப்போகும் என்பது எதிர்பார்ப்பு. இது ஹாம்களுக்கு நல்லதா, கெட்டதா? பதில் 'ரெண்டும்'தான். ஏன் என்று பார்க்க முதலில் அடிப்படைக்குப் போவோம்.

ஆவடி டிரான்ஸ்மிட்டர் சொல்லித்தந்த பாடம்

பூந்தமல்லியில் இருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ஆவடி. சென்னை வானொலியின் டிரான்ஸ்மிட்டர்கள் அங்கேதான். சிற்றலையில் ஒலிபரப்பு நடந்த காலத்தில் சென்னை நிலையம் பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலும், மாலையில் இருந்து இரவு வரை 4,920 கிலோஹெர்ட்ஸிலும் ஒலித்தது. இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று முள்ளைத் திருப்பியது நினைவிருக்கும். நிலையம் ஒன்றுதான், அப்புறம் எதற்கு இத்தனை அலைவரிசை?

காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்தில் உள்ள அணுக்களில் இருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எடுக்கின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற பகுதிதான் சிற்றலையைத் திருப்பி பூமிக்கு அனுப்புகிறது. இதில் ஹாம்கள் கவனிப்பது முக்கியமாக இரண்டு அடுக்குகளை.

• டி அடுக்கு: சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரம். பகலில் மட்டும் இருக்கும். இது அலையைத் திருப்பாது, விழுங்கும். அதிர்வெண் குறையக் குறைய அதிகம் விழுங்கும்.

• எஃப் அடுக்கு: சுமார் 150 கிலோமீட்டருக்கு மேலே. இதுதான் அலையைத் திருப்பி அனுப்பும் கூரை. இரவிலும் இருக்கும், ஆனால் மெலியும்.

பகலில் தாழ்ந்த அதிர்வெண்களை டி அடுக்கு தின்றுவிடும் என்பதால் மேலே போக வேண்டும். இரவில் டி அடுக்கு கலைந்துவிடும், எஃப் அடுக்கும் மெலியும். அப்போது உயர்ந்த அதிர்வெண் கூரையைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும், அதனால் கீழே இறங்க வேண்டும். சிற்றலை நிலையங்கள் பொழுதுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அலைவரிசை மாற்றியது இதனால்தான். ஹாம்களும் தினமும் செய்வது இதையே.

கரும்புள்ளி கூடினால் ஏன் கொண்டாட்டம்?

கரும்புள்ளி அதிகம் என்றால் புற ஊதாக் கதிர் அதிகம். எஃப் அடுக்கு அடர்த்தியாகும். 21, 24, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைகளைக்கூட அது திருப்பி அனுப்பும். அந்த உயரத்தில் டி அடுக்கின் தொல்லையும் குறைவு. அதனால் கொஞ்சம் வாட்ஸ் இருந்தாலே உலகம் சுற்றலாம்.

28 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஹாம்கள் '10 மீட்டர்' என்று சொல்லும் பேண்ட், இதற்கு நல்ல உதாரணம். சூரியன் அடங்கியிருக்கும் ஆண்டுகளில் அங்கே பெரும்பாலான நாட்கள் வெறும் இரைச்சல்தான். 2023, 2024-ல் அதே பேண்ட் காலையில் ஜப்பான், ஆஸ்திரேலியா பக்கமும் மாலையில் ஐரோப்பா பக்கமும் திறந்து கிடந்தது. சூரியனின் துடிப்பை அளக்க ஹாம்கள் பார்க்கும் எண் ஒன்று உண்டு. அது 10.7 சென்டிமீட்டர் ரேடியோ அலையின் அளவு. அடங்கிய காலத்தில் 70-ஐ ஒட்டி நிற்கும் அந்த எண், 2024-ல் பல நாட்கள் 200-ஐத் தாண்டியது.

இறங்குமுகத்தில் முதலில் மங்கப்போவது இந்த 10 மீட்டர்தான். அடுத்து 15 மீட்டர். 20 மீட்டரும் 40 மீட்டரும் எந்தக் காலத்திலும் முழுக்கக் கைவிடாது.

அதே சூரியன் வாயை அடைப்பது எப்படி?

கெடுதல் மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, சூரியச் சுடர். கரும்புள்ளிக் கூட்டத்தில் திடீரென்று வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் 8 நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். எச்சரிக்கை கொடுக்கவே நேரம் கிடையாது. டி அடுக்கு சட்டென்று தடித்து சிற்றலையை மொத்தமாக விழுங்கும். பேசிக்கொண்டிருப்பவரின் குரல் யாரோ வால்யூமைக் குறைத்த மாதிரி மறையும். செட் கெட்டுப்போச்சா, ஆன்டெனா கழன்றுவிட்டதா என்று புது ஹாம்கள் தேட ஆரம்பிப்பது அப்போதுதான். இந்த ரேடியோ முடக்கத்தை ஆர்1 முதல் ஆர்5 வரை தரம் பிரிக்கிறார்கள். எக்ஸ் வகைச் சுடர் என்றால் ஆர்3-ல் தொடங்கும்.

இதில் ஒரு ஆறுதல்: பகல் இருக்கும் பக்கம் மட்டும்தான் அடி. 2025 நவம்பர் 11 அன்று எக்ஸ் 5.1 சுடர் வெடித்தபோது நம் நேரம் பிற்பகல் மூன்றரை மணி. உச்சி வெயில் ஆப்பிரிக்கா பக்கம் இருந்ததால் பாதிப்பின் மையமும் அங்கேதான். அமெரிக்காவின் மேற்குக் கரை அப்போது இருட்டில் இருந்ததால் தப்பித்தது.

இரண்டாவது, புவிக்காந்தப் புயல். சூரியன் கக்கும் பிளாஸ்மா மேகம் ஒன்று முதல் மூன்று நாட்களில் பூமியைத் தாக்கும். பூமியின் காந்தப் புலம் கலங்கி, எஃப் அடுக்கு தாறுமாறாகும். நேற்று வரை திறந்திருந்த பேண்ட் இன்று மூடிக்கிடக்கும். சுடர் போட்ட முடக்கம் சில நிமிடம் முதல் சில மணி நேரம் வரை. புயல் போட்ட முடக்கம் சில நாட்கள்கூட நீடிக்கும். ஜி1 முதல் ஜி5 என்பது இதன் தரவரிசை.

மூன்றாவது, சூரியன் வீசும் புரோட்டான் மழை. இது துருவப் பகுதிகளின் பாதைகளை அடைக்கும். நமக்கு நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் வட துருவத்தை ஒட்டிப் போகும் அமெரிக்கப் பாதை அந்த நாட்களில் கிடைக்காது.

நம்ம ஊர் கணக்கு ஏன் வேற?

ஹாம்கள் படிக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருந்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பூந்தமல்லிக்குப் பொருத்தினால் கணக்கு தப்பும். காரணம், பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963-ல் ராக்கெட் தளம் அமைக்கப்பட்டதற்கும், திருநெல்வேலியில் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

இந்தக் கோட்டுக்கு மேலே பகல் முழுக்க ஒரு நீரூற்று மாதிரி வேலை நடக்கிறது. மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்கி, காந்தக் கோடுகள் வழியாக வடக்கிலும் தெற்கிலும் சரியவிடுகிறது. வடக்குப் பக்கம் அந்தக் குவியல் அகமதாபாத் வட்டாரத்தில் உச்சம் தொடும். இந்த ஊற்றுக்கும் குவியலுக்கும் நடுவில் இருக்கிறது சென்னை. நேரான வெயில் வேறு. அதனால் சூரியன் அடங்கிய ஆண்டுகளிலும் நம் கூரை ஐரோப்பாவின் கூரையைவிடக் கெட்டி. லண்டன் ஹாம் '15 மீட்டர் செத்துப்போச்சு' என்று புலம்பும் நாளிலும் சென்னை ஹாமுக்கு ஏதாவது கிடைக்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் எஃப் அடுக்கின் அடிப்பகுதி மேலே எழும்பி, அதில் குமிழிகள் உருவாகும். சோற்றுப் பானையில் கொதி வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழரை மணி தொடங்கி நள்ளிரவு வரை குரல்கள் தண்ணீருக்கு அடியில் இருந்து பேசுவது போல நடுங்கும். ஜிபிஎஸ் சிக்னலும் தடுமாறும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும் இது அதிகம். சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் இன்னும் அதிகம். உச்சம் இறங்க இறங்க இந்தத் தொல்லை குறையும் என்பது நமக்குக் கிடைக்கப்போகும் லாபம்.

புயல்களிலும் நம் இடம் கொஞ்சம் பாதுகாப்பானது. 2024 மே புயல் பற்றி இஸ்ரோ சொன்னதும் இதைத்தான். புயலின் முக்கிய அடி அதிகாலையில், அயனி மண்டலம் முழுதாக உருவாகாத நேரத்தில் விழுந்ததாலும், இந்தியா நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாலும் இங்கே பெரிய பாதிப்பு இல்லை என்றது இஸ்ரோ. அதே அடி நண்பகலில் விழுந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம் என்பதும் அந்த விளக்கத்திலேயே அடங்கியிருக்கிறது.

உச்சம் முடிஞ்சா ஆபத்தும் முடிஞ்சுதா?

இல்லை. இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். கரும்புள்ளிகளின் எண்ணிக்கை குறையும் காலத்தில்தான் சில மோசமான வெடிப்புகள் நடந்திருக்கின்றன.

2003 அக்டோபர், நவம்பரில் வந்த 'ஹாலோவீன்' புயல்கள் 23-வது சுழற்சியின் உச்சம் முடிந்து சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தவை. 2017 இன்னும் பொருத்தமான உதாரணம். அந்தச் சுழற்சியின் உச்சம் 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. சூரியன் தூங்கப் போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். 2017 செப்டம்பர் 6 அன்று எக்ஸ் 9.3 சுடர் வெடித்தது. அந்தச் சுழற்சியிலேயே மிகப் பெரியது அதுதான்.

அதே நாளில்தான் 'இர்மா' சூறாவளி கரீபியன் தீவுகளைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தது. தீவுகளில் டவர் இல்லை, மின்சாரம் இல்லை. சேதத் தகவலைச் சிற்றலையில் கடத்திக்கொண்டிருந்தவர்களில் ஹாம்களும் இருந்தார்கள். அன்று விமானம், கப்பல், ஹாம் என எல்லோரும் நம்பியிருந்த சிற்றலை 8 மணி நேரம் வரை கிடைக்காமல் போனது என்று நோவா பதிவு செய்தது. புயல் பூமியில் ஒன்று, வானத்தில் ஒன்று. ரெண்டும் ஒரே நாளில்.

இது சென்னைக்கு நடக்காது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. வங்கக் கடல் புயலும் சூரியச் சுடரும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. அடுத்த சில பருவமழைகள் இந்த இறங்குமுகக் காலத்தில்தான் வரப்போகின்றன.

அந்தமானில் வேலை செய்தது எப்படி?

2004 டிசம்பர் 26. சுனாமி. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. தற்செயலாக, ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் ஹாம் முகாமுக்காக பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். உலக ஹாம்களோடு பேசுவதற்காகக் கொண்டுபோன அதே செட், அன்று முதல் அவசரச் செய்தி நிலையமானது. தீவில் இருந்தவர்களின் நிலையை அறிய ஏங்கிய குடும்பங்களுக்கு 20 மீட்டர் பேண்ட் வழியாகத் தகவல் போனது.

அப்போது சூரியன் இறங்குமுகத்தில்தான் இருந்தது. ஆனாலும் தொடர்பு கிடைத்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம், பகல் நேரம், 14 மெகாஹெர்ட்ஸ் என்ற சேர்க்கை அந்தச் சூழலுக்குப் பொருந்தியது. தூரத்தையும் பொழுதையும் பார்த்து பேண்டைத் தேர்ந்தெடுத்தால் இறங்குமுகமும் கைகொடுக்கும்.

சென்னையில் வெள்ளம் வந்தால் எந்த பேண்ட்?

உலகம் சுற்றும் 10 மீட்டர் இதற்கு உதவாது. பூந்தமல்லியில் இருந்து அனுப்பும் 28 மெகாஹெர்ட்ஸ் அலை கடலூரின் தலைக்கு மேலே தாண்டிப் போய் எங்கோ இறங்கும். வெள்ளத்தில் தேவைப்படுவது பக்கத்து ஊர். பொதுவான கணக்கு இது:

• நகருக்குள், 20, 30 கிலோமீட்டர்: 2 மீட்டர் பேண்ட், அதாவது 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவிகள். இது நேர்கோட்டில் போகும். அயனி மண்டலமும் தேவையில்லை, சூரியச் சுடரும் அதைத் தொடாது.

• கடலூர், நாகப்பட்டினம், மதுரை, பகலில்: 40 மீட்டர். ஆன்டெனா கம்பியைத் தாழ்வாகக் கட்ட வேண்டும். அப்போது அலை நேர் மேலே போய் மழை மாதிரி சுற்றுவட்டாரத்தில் இறங்கும். மொட்டை மாடி உயரம் இதற்குத் தாராளம்.

• அதே ஊர்கள், பின்னிரவில்: 80 மீட்டர். சூரியன் அடங்க அடங்க, விடியலுக்கு முந்தைய மணிகளில் 40 மீட்டர் அலை பக்கத்து ஊரில் இறங்காமல் துளைத்துப் போகும் நாட்கள் கூடும். உச்சக் காலத்தில் மட்டும் பழகியவர்களுக்கு இது புதுசாக இருக்கும்.

• அந்தமான், டெல்லி: பகலில் 20 மீட்டர், இரவில் 40 மீட்டர்.

• பகலில் எல்லாம் திடீரென்று மௌனமானால்: செட்டைப் பிரிக்க வேண்டாம். ஒரு படி மேல் பேண்டுக்குப் போய்ப் பாருங்கள். சுடரின் முடக்கம் தாழ்ந்த அதிர்வெண்ணைத்தான் அதிகம் அடிக்கும், கடைசியாக விடும்.

நகரத்து ஹாமின் தினசரி எதிரி சூரியன்கூட இல்லை, பக்கத்து வீட்டு மலிவு எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் மொபைல் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல். மின்சாரம் போன வெள்ள இரவில் அந்த இரைச்சல் அடங்கிவிடும். எதிர்முனையில் இருந்து வரும் மெல்லிய குரலும் காதில் விழும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

சுடரை முன்கூட்டிச் சொல்வது கடினம். வாய்ப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறார்கள். பிளாஸ்மா மேகம் வருவதை ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லிவிடலாம். நோவாவின் விண்வெளி வானிலை மையம் இதை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது.

இதில் தமிழ்நாட்டுக்குப் பழைய உறவு உண்டு. 1899-ல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூற்றாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்1, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருந்து சூரியனைக் கவனிக்கிறது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

நாமும் ஹாம் ஆகலாமா?

12 வயது நிரம்பிய இந்தியர் யாரும் ஆகலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். தேர்வில் இரண்டு நிலைகள் உண்டு: ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல். உரிமம் இல்லாமல் கேட்கலாம், ஒலிபரப்பக் கூடாது.

ஆனால் உரிமம் வாங்கி செட்டை அலமாரியில் வைத்துவிட்டு, வெள்ளம் வந்த அன்று தூசு தட்டினால் பயன் இல்லை. எந்த மணிக்கு எந்த பேண்ட் மதுரைக்குப் போகும் என்பது புத்தகத்தில் கிடைக்காது. வாரம் ஒருமுறையாவது பேசிப் பார்த்துக் குறித்து வைத்தால்தான் தெரியும். 10 மீட்டர் உலகம் சுற்றிக்காட்டிய ஆண்டுகள் போகின்றன. இனி 40-லும் 80-லும் பழக வேண்டிய ஆண்டுகள். சூரியன் அடுத்த ஏற்றத்துக்குத் தயாராக இன்னும் பல வருடம் ஆகும். பருவமழை ஒவ்வொரு அக்டோபரிலும் வந்துவிடும்.